புது லினக்ஸ் மின்ட்: ஒருத்தருக்கு இனிக்குது, ஒருத்தருக்குக் கசக்குது, ஏன்?

2026 ஜனவரியில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் 22.3 பதிப்பு வந்தது. வந்து ஒரு வாரம்தான் இருக்கும், மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் போன் செய்தார். "லேய் மக்கா, சிஸ்டம் நல்லா ஓடுது கேட்டியா. ஆனா நேத்து இருந்த மெனு எங்கடே போச்சு?" அன்றைக்குச் சாயங்காலமே தக்கலையில் டியூஷன் எடுக்கும் அக்காவின் போன். "தம்பி, அப்டேட் போட்டதுல இருந்து வைஃபையே காட்ட மாட்டேங்குது. பிள்ளைங்க வர்ற நேரம் ஆச்சு."

இரண்டு பேருக்கும் மின்ட் போட்டுக் கொடுத்தது நான்தான். ஒரே பதிப்பு, ஒரே பென்டிரைவ், ஒரே மாதத்தில் போட்டது. ஒருவருக்கு மெனு மட்டும்தான் குறை, இன்னொருவருக்கு அன்றைய வேலையே நின்றுபோனது. நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டால், "எதுவும் மாறின மாதிரியே தெரியலியே" என்கிறார்கள். இந்த மூன்று பேச்சுமே உண்மைதான். புது லினக்ஸ் பதிப்பு ஒன்று வந்தால் ஒருத்தர் தலையில் தூக்கி வைப்பதும் இன்னொருத்தர் கரித்துக் கொட்டுவதும் ஏன் என்று புரிய வேண்டுமானால், 'பதிப்பு' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், இத்தனை பேர் இப்போது ஏன் இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸர் வேண்டும். நம்ம மாவட்டத்தில் கடைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் வீடுகளிலும் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் மூன்றாம், நான்காம் தலைமுறைதான் அதிகம் கண்ணில் படும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வெளிநாட்டில் இருக்கும் மாமா கொண்டுவந்தது, அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அதையெல்லாம் தூக்கிப் போடவும் மனசு வராது, புதிது வாங்கவும் இப்போது முடியாது.

லினக்ஸ் என்ற பேரே நமக்குப் புதிதில்லை. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்க்காமலே பிளஸ் டூ முடித்தவர்கள்தான் அதிகம் என்றாலும், ஆன் செய்ததும் வரும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு கம்ப்யூட்டர் பாடத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வருகிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக்கூடங்களில் கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை வைத்துத் தானே தயாரித்த லினக்ஸ்தான் ஓடுகிறது. எல்லைப் பக்கத்து ஊர்களில் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முன்பு ஆசைப்பட்டு லினக்ஸ் போட்டவர்களும் இப்போது வேறு வழியில்லாமல் வந்தவர்களும் ஒன்றல்ல. ஆசைப்பட்டு வந்தவன் ஒன்று உடைந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைச் சரி பண்ணுவான், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கடை அண்ணனுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ஒன்பது ஐந்துக்கு ஆதார் அட்டை நகல் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அனுபவம் என்று நாம் பேசுவதில் பாதி, யார் எதற்காக உட்கார்ந்தார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

சரி, பதிப்புக்குள் வருவோம். மின்ட் 22.3 என்பது ஒரே ஆள் செய்த ஒரே பொருள் கிடையாது. அடியில் கர்னல் இருக்கிறது: வைஃபை சிப், டிஸ்க், சவுண்ட், ஸ்கிரீன் இதையெல்லாம் நேரடியாகத் தொட்டுப் பேசுவது அதுதான். அதற்கு மேலே உபுண்டு 24.04இன் பேக்கேஜ்கள், அதாவது புரோகிராம் மூட்டைகள், 2024 ஏப்ரலில் வந்தவை. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22இலிருந்து, 2025இல் வந்த 22.1, 22.2, இப்போது வந்திருக்கும் 22.3 வரை எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இதே 24.04தான். 2029 வரை அப்டேட்டும் உண்டு. அதற்கும் மேலேதான் மின்ட் குழு தாங்களே எழுதுகிற சினமன் டெஸ்க்டாப் (மெனு, பட்டை, ஜன்னல் என்று நாம் பார்க்கும் திரை), அப்டேட் மேனேஜர், சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் போன்றவை. அதனால் 22.3இல் புதிது என்று சொன்னால், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற மேல் அடுக்கில் மட்டும்தான் புதிது. நாகர்கோவில் நண்பர்கள் "எதுவும் மாறலியே" என்றதற்குக் காரணம் இதுதான், அவர்கள் போட்டிருப்பது எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற வேறொரு டெஸ்க்டாப்போடு வரும் மின்ட் பதிப்பு. சினமனில் வந்த மாற்றம் அங்கே வராது.

அண்ணனின் மெனு விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச இருக்கிறது. 22.3இல் சினமன் 6.6 வந்தது, அதோடு மெனு புதிதாக எழுதப்பட்டது. ஓரத்தில் நம்ம படமும் பேரும், அதற்குக் கீழே ஃபோல்டர்கள், அடிக்கடி எடுக்கும் புரோகிராம்கள் என்று இடம் மாறிப்போயின. பார்க்க நன்றாகவே இருக்கிறது, எதை எங்கே வைப்பது என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 2011இல் குனோம் என்ற டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பான குனோம் 3 வந்தபோது, அதுவரை இருந்த மெனுவையும் கீழே இருந்த பட்டையையும் எடுத்துவிட்டார்கள். அதே மாதம் உபுண்டு 11.04இல் யூனிட்டி என்ற புதுத் திரை வந்தது. அன்று ஊர் உலகமெல்லாம் லினக்ஸ் பயனர்கள் கொதித்துப் போனார்கள். பழைய மாதிரி மெனு, பழைய மாதிரி பட்டை வேண்டும் என்றவர்களுக்காகத்தான் மின்டைத் தொடங்கிய கிளெமென்ட் லெஃபெப்வரும் அவரோடு இருந்தவர்களும் குனோம் 3இலிருந்து பிரித்து சினமனை உண்டாக்கினார்கள், அந்த வருடக் கடைசியிலேயே. ஆக, மெனுவை மாற்றாதே என்ற குரலிலிருந்து பிறந்த டெஸ்க்டாப் இது. அதில் மெனு மாறினால் மனுஷனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

அது வெறும் பழக்கதோஷம் என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் கடையில் நின்று பார்த்தேன். ஒரு கையில் ஆதாரை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்க்கிறார், கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கிறது, இன்னொரு கை மவுஸைக் கீழ் இடது மூலைக்குக் கொண்டுபோய் ஒரு கிளிக், கொஞ்சம் மேலே ஏறி இன்னொரு கிளிக், ஸ்கேன் புரோகிராம் திறக்கிறது. திரையை அவர் பார்ப்பதே இல்லை. அந்த ஒரு அங்குலம் இடம் மாறினதும் கை வேறெதையோ திறந்தது, ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. புதுசு என்று நாம் கொண்டாடுகிற மாற்றம் அவருக்கு நூறு சின்ன இடறல்கள். கடைசியில் ஸ்கேன், எழுத, பிரவுசர் மூன்றையும் கீழ்ப் பட்டையிலேயே நிறுத்திக் கொடுத்தேன். இரண்டு நாளில் மெனு பேச்சே வரவில்லை. சினமெனு என்று ஒரு ஆப்லெட்டும் (பட்டையில் சேர்த்துக்கொள்ளும் சின்னப் புரோகிராம்) இருக்கிறது, வேறு விதமான மெனு வேண்டுபவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

அக்காவுடைய சங்கதி கனமானது. அவரிடம் இருக்கும் லேப்டாப்பில் உள்ள வைஃபை சிப்புக்குக் கர்னலுக்குள்ளேயே டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், கிடையாது. வெளியிலிருந்து எடுத்து நான்தான் சேர்த்திருந்தேன். இந்த மாதிரி வெளி டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாக அந்த மெஷினிலேயே கட்டப்பட வேண்டும். புது கர்னல் வந்து இறங்கும்போது பின்னணியில் அது தானாக நடக்கும், பல சமயம் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் புது கர்னலுக்குள் ஏதோ ஒரு சின்ன விஷயம் மாறியிருந்து, டிரைவர் எழுதியவர் அதற்கு ஏற்ப இன்னும் திருத்தாமல் இருந்தால், கட்டுவது தோற்றுப்போகும். அடுத்த தடவை ஆன் செய்தால் வைஃபை அடையாளமே இருக்காது.

இதில் முக்கியமான ஒன்று. மின்ட் 22.2இலிருந்து 22.3க்கு மாறுவது கர்னலை மாற்றுவதில்லை. அக்கா செய்தது என்னவென்றால், மாதக்கணக்கில் சேர்ந்திருந்த அப்டேட்டுகளையும் 22.3 மாற்றத்தையும் ஒரே மூச்சில் போட்டார். அந்தக் குவியலில் ஒரு புது கர்னல் இருந்தது. வைஃபையைக் கெடுத்தது அதுதான், கெட்ட பெயர் வாங்கியது 22.3. உலகத்தில் எங்கே பார்த்தாலும் புதுப் பதிப்பைப் பற்றிய புகார்களில் இப்படி இடம் மாறி விழுந்த பழி நிறைய இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்ணுக்குத் தெரிந்தது புதுப் பேரும் புது மெனுவும்தானே, அதனால் பழி அதன்மேல் விழுகிறது.

அவர் வீட்டுக்குப் போனபோது மணி ஏழு. வாசலில் பிள்ளைகளின் செருப்புகள், உள்ளே அக்கா போன் டேட்டாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி லோகோ போனதும் எஸ்கேப் விசையைத் தட்டினேன். முதல் தடவை தவறிவிட்டது, அது அரை நொடி விளையாட்டு. இரண்டாவது தடவை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வந்தது. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரி, அதற்குள்ளே இரண்டு கர்னல்கள், பழையதைத் தேர்ந்தெடுத்து என்டர். டெஸ்க்டாப் திறந்ததும் கீழ் மூலையில் வைஃபை அடையாளம் வந்துவிட்டது. லினக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இது, புது கர்னல் வந்தாலும் பழையது அங்கேயே இருக்கும், ஒரு படி பின்னால் போய் நிற்க இடம் உண்டு.

அடுத்தது வேகம். புது லினக்ஸ் போட்டதும் "சிஸ்டம் பறக்குது" என்று சொல்கிறார்களே, அதில் பெரிய பங்கு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது வகை டிஸ்குடையது. நான் மின்ட் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டச் சொல்வேன், மாட்டியவர்கள்தான் பறக்குது என்கிறார்கள். மாட்டாதவர்களிடம் கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். அதே ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. ரேம், பிரவுசரில் பத்து டேப் என்றால் எந்தப் பதிப்பானாலும் மூச்சு முட்டும். மின்டே 2 ஜி.பி.தான் குறைந்தபட்சம், வசதியாக ஓட 4 ஜி.பி. வேண்டும் என்று சொல்கிறது. 4 ஜி.பி. மெஷினுக்கு நான் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைத்தான் போடுவேன். இன்னொரு சின்ன வித்தியாசமும் பழைய மெஷினில் தெரியும்: உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் என்ற, தேவையானதையெல்லாம் உள்ளேயே அடக்கிய பேக்கேஜாகத்தான் வருகிறது, முதல் தடவை திறக்க அது நேரம் எடுத்ததால் அன்று நிறைய பேர் வெறுத்துப் போனார்கள். மின்ட் 2020இலேயே ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டு ஃபயர்ஃபாக்ஸைச் சாதாரண பேக்கேஜாகத் தருகிறது.

பிரிண்டர்தான் கடைக்காரர்களின் நெஞ்சைப் பிடிக்கிற விஷயம். புது பிரிண்டர்கள் பலவற்றை வயரைச் சொருகியதும் தானாகக் கண்டுபிடித்துவிடுகிறது, டிரைவரே கேட்பதில்லை. பழைய லேசர் பிரிண்டர்களில் சிலவற்றுக்குள் சொந்த மூளை கிடையாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, ஊட்டிவிட வேண்டும், பக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தயாரித்துக் கொடுப்பதும் கம்ப்யூட்டர்தான். அந்த மொழியைத் தயாரிப்பாளர் வெளியே சொல்லாவிட்டால், லினக்ஸில் அது எப்போதும் நொண்டிக்கொண்டுதான் ஓடும். அண்ணன் கடையில் இரண்டு பிரிண்டர். ஒன்று முதல் நாளே வேலை செய்தது. இன்னொன்று, பத்து வருடம் உழைத்த கிழவி, கரண்ட் போய் வந்தால் மறுபடி வயரைக் கழற்றி மாட்டினால்தான் அசையும். கைரேகை வைக்கிற கருவிக்கும் அவர் கடையில் விண்டோஸ் மென்பொருள் மட்டும்தான் வந்திருக்கிறது. அதனால் ஒரு மெஷினில் விண்டோஸை அப்படியே விட்டிருக்கிறோம், அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அன்றாடப் பிழைப்பை வைத்துச் சோதனை பண்ணக் கூடாது.

தமிழ் விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம், நமக்கென்று உள்ள அனுபவம் இது. யூனிகோட் தமிழ் வாசிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. தட்டச்சுக்கு 'இன்புட் மெத்தட்' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்து பேக்கேஜ்களைப் போட்டால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் எல்லாம் வரும். தமிழ்99இல் ஏ, எச், எச், க்யூ என்று நான்கு விசை தட்டினால் 'அக்கா' வந்து நிற்கும், ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். டியூஷன் அக்காவுக்கு நான் முதலில் காட்டிக் கொடுத்த சொல் இதுதான்.

சிக்கல் டி.டி.பி. வேலையில். கோவில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்னமும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில்தான் நடக்கிறது. அந்த ஃபைலை மின்டோடு வரும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். உடனே "லினக்ஸ்ல தமிழ் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்துரு ஃபைலை இரண்டு தடவை தட்டி இன்ஸ்டால் செய்தாலே எழுத்து தெரியும், ஏனென்றால் அங்கே சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ் உருவம் எழுத்துருவில் இருக்கிறது. ஆனால் பக்க வடிவமைப்புக்கு அவர்கள் நம்பியிருக்கும் பழைய மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. டி.டி.பி. மட்டுமே தொழில் என்றால் அவர்களை மாறச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை.

தட்டச்சோடு ஒட்டிய இன்னொரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. திரையில் ஜன்னல்களை வரைகிற பழைய எக்ஸ்11, 1987இலிருந்து இருப்பது. அதற்குப் பதிலாக வேலேண்ட் என்ற ஒன்றை 2008இல் தொடங்கினார்கள். வேலேண்டில் ஒரு புரோகிராம் அடுத்த புரோகிராமின் விசைகளை எட்டிப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் நம்ம தமிழ் உள்ளீட்டுக் கருவி நடுவில் உட்கார்ந்து விசைகளை வாங்கி எழுத்தாக மாற்றுகிற ஆள், அதனால் அதற்கென்று தனியாக வழி செய்து தந்தால்தான் அது வேலை செய்யும். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, குனோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11 வழியையே எடுத்துவிட்டது. மின்ட் இன்னும் எக்ஸ்11இல்தான் இயல்பாக ஓடுகிறது, வேலேண்ட் சோதனை அளவில்தான். ஆனால் சினமன் 6.6இல் வேலேண்டிலும் உள்ளீட்டு முறைகள் வேலை செய்யும்படி எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் தட்டுகிறவர் இந்த வரியைக் கவனிக்காமலே தாண்டிப் போவார், எனக்கோ 22.3இல் படித்ததும் சந்தோஷப்பட்ட முதல் வரி அதுதான்.

உபுண்டு 25.10இல் நடந்த வேறொன்றையும் சொல்ல வேண்டும். அதில் அடிப்படைக் கட்டளைகளை ரஸ்ட் என்ற புரோகிராம் மொழியில் புதிதாக எழுதிய வடிவத்துக்கு மாற்றினார்கள். அதில் தேதி காட்டும் கட்டளையில் இருந்த ஒரு பிழையால், சில மெஷின்களில் தானாக அப்டேட் பார்க்கும் வேலையே நின்றுபோனது. கையால் அப்டேட் கொடுத்தால் வரும், தானாக வராது. சீக்கிரமே திருத்தினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் இந்த இடைப் பதிப்புகள் சோதனைக் களம், அவற்றுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். நீண்டகால ஆதரவுப் பதிப்பிலும் கூட, உபுண்டுவே பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு மேலேறும் அழைப்பை முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் காட்டும். 24.04 வந்தது 2024 ஏப்ரலில், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசியில். கடைக்காரர்களை இந்த நாலு மாதம் காத்திருக்கச் சொல்கிறேன்.

அப்புறம் கரண்ட். நமக்குத் தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, இரண்டு மழையிலும் கரண்ட் போகும். பேச்சிப்பாறைப் பக்கம் ஒருத்தர், அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போய், டெஸ்க்டாப் மெஷின் அணைந்துவிட்டது. யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருஷம். திரும்ப ஆன் செய்தால் கறுப்புத் திரை, அதில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல், பக்கத்தில் துடிக்கும் ஒரு கோடு. டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. கட்டளையைக் கொடுத்து, எழுந்ததும் பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்துவைக்கும் இன்னொரு கட்டளை, மொத்தம் பத்து நிமிஷம். ஆனால் அந்தக் கறுப்புத் திரையைத் தனியாகப் பார்த்தவருக்கு அது "புது லினக்ஸ் என் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டது". லேப்டாப்பில் இருப்பவருக்கு அதே அப்டேட், அதே மழை, ஒன்றும் தெரியவில்லை.

இதனால்தான் ஒருத்தர் ஒரு பதிப்பைப் பற்றிச் சொன்னால் நான் முதலில் நாலு கேள்வி கேட்கிறேன்: மெஷின் எது, எஸ்.எஸ்.டி.யா, புதிதாகப் போட்டதா பழையதன் மேல் ஏற்றியதா, என்ன வேலைக்கு. பதில் நம்ம நிலைமைக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் அவர் அனுபவம் நமக்கு உதவும். இல்லாவிட்டால் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டி, வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றையும் அரை மணி நேரம் பார்த்துவிட வேண்டும், டிஸ்கைத் தொட வேண்டியதே இல்லை.

அக்கா லேப்டாப்பில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. 22.3இல் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒரு சின்னக் கருவி புதிதாக வந்திருக்கிறது. பூட் மெனுவை எப்போதும் காட்டு, இத்தனை நொடி காட்டு என்று அதில் மவுஸாலேயே சொல்லிவிடலாம். முன்பு இதற்கு ஒரு ஃபைலைத் திறந்து வரி மாற்ற வேண்டும், அதை அக்காவிடம் போனில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது. ஐந்து நொடி வைத்தேன். பழைய கர்னல் எந்த வரியில் இருக்கிறது என்று ஒரு தடவை காட்டினேன், அவர் டியூஷன் நோட்டின் பின்னட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார். அடுத்த கர்னல் அப்டேட் வந்த அன்று, நான் போன் செய்வதற்கு முன்னால் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, வைஃபை மறுபடி போச்சு, நானே ரெண்டாவது வரிய எடுத்துட்டேன். வந்துட்டு. நீ வர வேண்டாம்."